அறுபதைத் தாண்டாத காது

உடம்பைப் பேணுகிறவர்களில் பல ரகம் உண்டு. விடிந்ததும் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்துவிட்டு, அதன் மகிமையைச் சொல்லியே நம்மைப் பிழிகிறவர் ஒரு ரகம். கைக்கடிகாரத்தில் நடையை எண்ணிக்கொண்டு, பத்தாயிரத்துக்கு நாற்பது அடி குறைகிறதே என்று சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வருகிறவர் இன்னொரு ரகம். இவர்களை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலேயே ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். நான் சொல்ல வருவது அண்மையில் முளைத்த ஒரு ரகம். காதுக் காவலர்.

காதுக் காவலரைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு காதும் அடைத்திருக்கும். காதுக்குள் எதையும் போட்டுக்கொள்ளாதவனுக்குக் காதைக் காப்பாற்றும் கவலை எங்கிருந்து வரும்? இயர்பட்ஸ் வாங்கியவனுக்குத்தான் காது என்று ஒன்று இருப்பதே தெரியவரும். அவரிடம் நீங்கள் ஏதோ அவசரமாகக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு விரலைத் தூக்குவார். பொறுங்கள் என்று அர்த்தம். பிறகு ஒரு காதிலிருந்து மட்டும் அந்தப் பொட்டுக் கருவியை எடுத்து, அதன் ரப்பர் முனையைக் கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சின்ன டப்பாவைத் திறந்து அதனுள் படுக்க வைத்து, டப்பாவை மூடி, மூடியது சரியாக மூடியதா என்று இன்னொரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, ‘இன்னா கேட்டீங்க?’ என்பார். அதற்குள் நீங்கள் கேட்ட பஸ் போயிருக்கும்.

உதாரணத்துக்கு ஒருவனைப் பிடித்துக்கொள்வோம். சித்தூர் கிளாட்வின். வயது முப்பத்தொன்று. ஊருக்கு வெளியே மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை. சுந்தர்சிங், யூனிஸ் தம்பதியரின் ஒரே பிள்ளை. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. அதுதான் அவனிடம் கஷ்டம். கெட்ட பழக்கம் இருப்பவனையாவது திட்டலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை கிளாட்வின் நம்மைப் போலத்தான் இருந்தான். பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு கேட்பான். பைக் சாவியால் காது குடைவான், குடையும்போது ஒரு கண்ணைச் சுகமாக மூடிக்கொள்வான். அப்படி இருந்தவனை ஃபேக்டரிக்காரர்கள் ஒரு நாள் பாதுகாப்பு வகுப்புக்காகத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்கள் லட்டோடு திரும்புவார்கள். சிலர் மொட்டையோடு திரும்புவார்கள். கிளாட்வின் அறுபதோடு திரும்பினான்.

அறுபது என்றால்? இயர்போனில் கேட்கும்போது சத்தம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டக்கூடாது. ஒரே மூச்சில் அறுபது நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. பிறகு காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வகுப்பெடுத்தவர் இதைச் சொல்லிவிட்டு, காதின் உட்புறத்தில் மயிர் போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன, பெரும் சத்தத்தில் அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை என்றும் சொன்னார். கிளாட்வினுக்கு அந்த இடத்தில்தான் தூக்கிவாரிப் போட்டது. தலையில் கொட்டியதே முளைக்கவில்லை என்று கண்ணாடி முன்னால் நின்று வருந்திக்கொண்டிருந்தவன் அவன். இப்போது கண்ணாடியில் தெரியாத இடத்திலும் கொட்டுகிறது என்றால் யாரிடம் போய் அழுவது? மத்தியானம் போட்ட தயிர்சாதத்தை அவன் துன்னவே இல்லை. கையைக் கழுவிவிட்டு நேராகக் கடைக்குப் போய், வெளிச் சத்தத்தை உள்ளே விடாத இயர்பட்ஸ் ஒரு ஜோடி வாங்கினான். வெளிச் சத்தம் இல்லாவிட்டால் உள்சத்தத்தை ஏற்ற வேண்டியதில்லையாம். அவன் சொன்னது அத்தனையும் சரிதான். எந்த டாக்டரைக் கேட்டாலும் தலையாட்டுவார்.

சரியானதைச் செய்கிறவன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு யாராவது எல்லை கட்டியிருக்கிறார்களா? வலது காதுக்கு நடுத்தர ரப்பர், இடது காதுக்குச் சின்ன ரப்பர் என்று அளவு பார்த்தான். சனிக்கிழமைதோறும் அவற்றைப் பஞ்சால் துடைத்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற கவனத்தோடு காயவைத்தான். போனில் சத்தத்தை அளக்கிற ஒரு செயலியை இறக்கிக்கொண்டு அளக்க ஆரம்பித்தான். மிக்ஸி எண்பத்தெட்டு. காணிப்பாக்கம் போகிற ஆட்டோவின் பாட்டு தொண்ணூற்றிரண்டு. அப்பா சுந்தர்சிங் தும்மினால் தொண்ணூற்றொன்று. ‘நைனா, கர்ச்சீப்ப வெச்சிக்கினு தும்மு, எண்பதுக்குள்ள வரும்’ என்று அவருக்கு அறிவுரை. தெருவில் ஹேர்பின்னால் காது குடைந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் கையிலிருந்து அந்த ஹேர்பின்னைப் பிடுங்கியே விட்டான். அந்தம்மா தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்த வசவு எழுபத்தாறு என்று குறித்துக்கொண்டான்.

அவனுடைய நாள் எப்படிப் போகும் தெரியுமா? அறுபது நிமிஷம் இயர்பட்ஸில் ஏதாவது கேட்பான். பெரும்பாலும் காதைப் பாதுகாப்பது எப்படி என்ற உரைகள். அறுபது முடிந்ததும் கழற்றிவிட்டு ஓய்வு. ஓய்வு என்றால் பூரண ஓய்வு. அந்தச் சமயத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது, பாத்திரம் உருட்டக்கூடாது. ஓய்வு முடிந்ததும் மறுபடி காதில் செருகிக்கொள்வான். சில நேரம் உள்ளே ஒன்றுமே ஓடாது. சும்மா வெளியுலகத்தை நிறுத்தி வைப்பதற்காகப் போட்டிருப்பான். ஆக, கேட்கும் நேரத்தில் நீங்கள் பேசினால் அவனுக்குக் கேட்காது. கேட்காத நேரத்தில் நீங்கள் பேசக்கூடாது. அம்மா யூனிஸ் அவனிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டுமென்றால், அடுத்த அறையிலிருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் எழுதினார். ‘தோசை ஆறுது.’

ஒருநாள் மோட்டாரைப் போட்டுவிட்டு யூனிஸ் குளிக்கப் போய்விட்டார். தொட்டி நிறைந்து வழிந்தது. உள்ளேயிருந்து அவர் கத்தினார். தெருவிலிருந்து சந்திரம்மா கத்தினார். எதிர்வீட்டு நாய் கத்தியது. கிளாட்வின் மாடிப்படியின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அமைதியான சூழல் மனத்துக்குத் தரும் நன்மைகள் பற்றிய உரையைக் கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்து அவன் பாதத்தை நனைத்த பிறகுதான் குனிந்து பார்த்தான். முதல் வேலையாகப் போனை எடுத்து நீரின் சத்தத்தை அளந்தான். அறுபத்தி நாலு. ‘ஒண்ணும் ஆபத்து இல்லம்மா’ என்று குரல் கொடுத்தான்.

இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்களா? திருப்பதியில் டைட்டஸ் என்பவர் கொடுத்தார். அவர் மகள் லீனா எல்கேஜி டீச்சர். பெண் பார்க்கப் போனபோது மரியாதைக்காக ஒரு காதை மட்டும் கழற்றிக்கொண்டு போனான் கிளாட்வின். பெரியவர்கள் இரண்டு பேரையும் மாடிக்கு அனுப்பினார்கள், பேசிக்கொள்ளட்டும் என்று. லீனா நாலு வார்த்தை பேசியதும் இவன் போனை நீட்டினான்.

“நீங்க பேசறது எழுபத்தொம்பது.”

“நாப்பத்தாறு பசங்க கீறாங்க என் கிளாஸ்ல. எழுபத்தொம்பதுக்குக் கீழ பேசினா ஒருத்தனும் பக்கத்துல இருக்கறவன் தலைமயிர விடமாட்டான்.”

“ஸ்கூல் விட்டு வந்தப்புறம் காதுல ‘ங்கொய்’னு ஒரு சத்தம் வருதா?”

லீனா தன்னையறியாமல் காதைத் தொட்டாள். வந்துகொண்டுதான் இருந்தது, ஒரு வருடமாக. அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்கள் உண்டு, சமைப்பாயா என்று கேட்டவர்கள் உண்டு. பெண் பார்க்க வந்த ஆறு பேரில் அவள் காதைப் பற்றிக் கவலைப்பட்டவன் இவன் ஒருவன்தான். அந்த ஒரு கேள்விக்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் அதுதான் உண்மை.

“சரி. ஒரே ஒரு கண்டிஷன்” என்றாள். “நான் பேசும்போது அந்த ரெண்டையும் கழட்டணும்.”

“அறுபது நிமிஷத்துக்கு ஒரு தடவ கழட்டறேன்” என்றான் கிளாட்வின். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. போனில் பேசும்போது அறுபதாவது நிமிஷத்தில், அவள் எந்தச் சொல்லின் நடுவில் இருந்தாலும், இணைப்பைத் துண்டித்துவிடுவான். “எனக்கு ஏன் பயமா இருக்குன்னா…” என்று அவள் ஆரம்பித்த ஒரு வாக்கியம் அப்படித்தான் பாதியில் நின்றது. மறுநாள் அதைத் தொடரலாமென்று கூப்பிட்டபோது காதுக்கு ஓய்வு நேரம்.

இனி கோயில் விஷயத்துக்கு வருவோம். மிஷன் காலத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நிச்சயமானால், மாப்பிள்ளையின் சபையிலும் பெண்ணின் சபையிலும் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில் ஆயர் அதை அறிவிப்பார். ஓலை வாசிப்பது என்று பெயர். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் யாரும் எதுவும் சொன்னதாகச் சித்தூர் சபையில் பதிவே இல்லை.

கிளாட்வின், லீனா கல்யாணம் ஒரு திங்கட்கிழமைக்குக் குறித்திருந்தது. அடுத்த புதன் சாம்பல் புதன். அன்றைக்கு லெந்து என்கிற தவக்காலம் ஆரம்பம். லெந்து நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது. அதைத் தவறவிட்டால் ஈஸ்டர். ஈஸ்டர் முடிந்து ஒரு நல்ல நாள் பார்ப்பதற்குள் மாம்பழம் வந்துவிடும். மாம்பழம் வந்தால் கூழ் ஃபேக்டரியில் செத்தவனுக்குக்கூட லீவு கிடையாது. அதற்கப்புறம் ஆகஸ்டு. ஆகஸ்டு வரை எந்தப் பெண்ணைப் பெற்றவர் காத்திருப்பார்?

இது தெரிந்தும் கிளாட்வினுக்குப் பெரிய கவலையெல்லாம் வேறு. கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் புது ஒலிபெருக்கி வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். அதை இயக்குவது எலக்ட்ரீஷியன் பவன்குமார். பாடகர் குழு எண்பத்தெட்டு, பிரசங்கம் எழுபத்திரண்டு. அறிவிப்புகள் மட்டும் தொண்ணூற்றொன்று. ஏனென்றால் அறிவிப்புத் தாளைப் படிக்கும்போது ஆயர் மைக்கை முத்தமிடுகிற தூரத்துக்கு வந்துவிடுவார். கிளாட்வின் கமிட்டிக்கு வரைபடத்தோடு மூன்று கடிதம் எழுதினான். பதில் இல்லை. பவன்குமாரிடமும் சொல்லிப் பார்த்தான்.

“அண்ணா, கடசி பெஞ்சுல இருக்கறவங்களுக்குக் கேக்கணும் இல்ல?”

“கடசி பெஞ்சுல தூங்கிக்கினு இருக்காங்க. தூங்கறவங்க காதுக்கு யாரு பாதுகாப்பு?”

“பர்வாலேதண்ணா, பரவால்ல. அவங்க யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல.”

ஆகவே அறிவிப்பு நேரம் வந்தால் கிளாட்வின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி, பயபக்தியோடு தலைகுனிந்து, இரண்டு காதிலும் இயர்பட்ஸைச் செருகி, வெளிச் சத்தத்தை முழுதாக அடைத்துவிடுவான். ஓலை வாசிப்பது எப்போது? அறிவிப்பு நேரத்தில்தான். முதல் ஞாயிறு சபை முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தது. புது ரப்பர் முனையைக் கவனித்துவிட்டார்கள் என்று நினைத்து அவனும் சிரித்தான். இரண்டாம் ஞாயிறு முன்வரிசை டாக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு டாக்டராவது தன் கொள்கையைப் புரிந்துகொண்டாரே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

மூன்றாம் ஞாயிறு. லீனாவும் அவள் அப்பா டைட்டஸும் திருப்பதியிலிருந்து வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் கல்யாணச் சாப்பாடு பற்றிப் பேசவேண்டும். லீனா பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஆயர் தாளை எடுத்தார். கிளாட்வின் காதை அடைத்தான். போனை மடியில் வைத்து அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். எண்பத்தொன்பது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.

“…சுந்தர்சிங் அவர்களின் குமாரன் கிளாட்வின் என்பவருக்கும், திருப்பதி சபையைச் சேர்ந்த டைட்டஸ் அவர்களின் குமாரத்தி லீனா என்பவருக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்கு யாதொரு தடையை யாராவது அறிந்திருந்தால் இப்பொழுதே தெரிவிக்கவேண்டும். இது மூன்றாம் முறை.”

இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில், பவன்குமார் எதையோ திருக, ஒலிபெருக்கி ‘கீய்ய்ங்’ என்று வீறிட்டது. கிளாட்வினின் மடியில் எண் சிவப்பானது. தொண்ணூற்றாறு!

துள்ளி எழுந்தான். “ஆட்சேபணை! நான் ஆட்சேபிக்கிறேன்! இத்த உடனே நிறுத்தணும்! மூணு லெட்டர் எழுதிட்டேன், யாரும் காதுல போட்டுக்கல!”

இயர்பட்ஸ் போட்டவன் தன் குரலை அறியமாட்டான். முணுமுணுத்ததாகத்தான் அவன் நினைத்தான். கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

அவன் ஒலிபெருக்கியைத்தான் சொல்கிறான் என்பது ஆயருக்குத் தெரியும், சபைக்குத் தெரியும், தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆயர் புன்சிரிப்போடு அடுத்த அறிவிப்புக்குப் போகப் பார்த்தார். அப்போதுதான் தபிதா டீச்சர் எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கமிட்டிச் செயலாளர், சபையின் விதிப்புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருப்பவர்.

“ஐயா, நிக்கணும். தடை உண்டான்னு நீங்க கேட்டீங்க. ஆட்சேபணைன்னு ஒருத்தர் எழுந்து சொல்லிட்டார். ஆட்சேபணை வந்தா விசாரிக்காம மேல போகக்கூடாது. விதி இருபத்தி மூணு.”

“அம்மா, அவர்தானே மாப்பிள்ளை?”

“மாப்பிள்ளை ஆட்சேபிக்கக்கூடாதுன்னு விதி எதுவும் இல்லையே.”

ஆராதனை முடிந்ததும் பாத்திர அறைப் பக்கத்திலிருந்த சின்ன அறையில் விசாரணை. ஆயர், தபிதா டீச்சர், இரண்டு வீட்டாரும், சாட்சிக்குப் பவன்குமார். டீயும் பன்னும் வெளியே ஆறிக்கொண்டிருந்தன. நடந்தது என்னவென்று அம்மா யூனிஸ் வாட்ஸ்அப்பில் எழுதிக் காட்டிய பிறகுதான் கிளாட்வினுக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. ஒரு காதைக் கழற்றினான்.

தபிதா டீச்சர் படிவத்தை விரித்தார். “ஆட்சேபணை செய்பவர் பெயர்?”

“கிளாட்வின்.”

“மணமகனை எத்தனை வருடமாக அறிவீர்?”

“முப்பத்தொரு வருஷமா.”

“மணமகன் மேல் தனிப்பட்ட விரோதம் உண்டா?”

கிளாட்வின் யோசித்தான். “இன்னிக்கு காலைலேருந்து கீது” என்றான். அதையும் எழுதிக்கொண்டார்.

“ஆட்சேபணைக்குக் காரணம்?”

“தொண்ணூத்தாறு, டீச்சர். அவ்ளோ சத்தத்துல கொஞ்ச நேரம் இருந்தாலே காதுக்குக் கெடுதி.”

பவன்குமார் தொண்டையைச் செருமினான். “அண்ணா, நீங்க சொன்னீங்கன்னு அந்த அளக்கறத நானும் போன்ல போட்டேன். பாக்ஸு தொண்ணூத்தாறு. நீங்க ‘ஆட்சேபணை’ன்னு கத்தினீங்க பாருங்க, அது தொண்ணூத்தொம்பது.” போனைக் காட்டினான். கிளாட்வின் போனை வாங்கி அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தான். இரண்டு வருடத்தில் அவன் அளக்காமல் விட்ட ஒரே சத்தம் அதுதான்.

ஆயருக்குப் பன் ஞாபகம் வந்துவிட்டது. ஆட்சேபணையை எழுத்தில் வாபஸ் வாங்கினால் போதும், அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையை மறுபடி வாசித்துவிடலாம், மறுநாள் திங்கள் கல்யாணம், லெந்துக்கு முன்னால் முடிந்துவிடும் என்றார். கிளாட்வின் விழுந்தடித்துக்கொண்டு எழுதினான்: ‘எனது கல்யாணத்துக்கு நான் தெரிவித்த ஆட்சேபணையை நானே மனப்பூர்வமாக வாபஸ் பெறுகிறேன்.’ எல்லோரும் எழுந்தார்கள்.

“எனக்கு ஒரு ஆட்சேபணை கீது” என்றாள் லீனா.

எழுபத்தொன்பதில் பேசுகிறவள், அன்றைக்கு எல்லோரும் முன்னால் குனிந்து கேட்கவேண்டிய குரலில் பேசினாள். தபிதா டீச்சர் இன்னொரு படிவத்தை எடுத்தார். கிளாட்வின் மறு காதையும் கழற்றினான்.

“மூணு வாரம் என் பேரையும் உங்க பேரையும் சேத்து வாசிச்சாங்க. திருப்பதில வாசிச்சப்ப எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. நீங்க ஒரு வாரமாவது கேட்டீங்களா?”

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவன் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டான். “இல்ல” என்றான்.

“எம்பது வயசுலயும் குண்டூசி விழற சத்தம் கேக்கணும்னு காதைப் பத்திரமா வெச்சிருக்கீங்க. சந்தோஷம். வெச்சிக்கோங்க. ஆனா முப்பத்தொண்ணுல நான் பேசறத யாரு கேக்கறது?”

அந்த அறையில் மின்விசிறி மட்டும் ஓடியது. ஐம்பத்தி மூன்று இருக்கும். அதை அளக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இவள் போய்விட்டால் தன் காதுக்குள் ஆகஸ்டு வரை மட்டுமல்ல, அதற்கப்புறமும் ஒரே அமைதிதான் என்று அவனுக்கு முதல் தடவையாக உறைத்தது.

“இன்னா செய்யணும், சொல்லு” என்றான்.

“அடுத்த ஞாயிறு காதுல எதுவும் போடாம உக்காந்து கேக்கணும். கேட்டுட்டு எனக்கு போன் பண்ணி, ஆயரய்யா வாசிச்சதை ஒரு வார்த்தை விடாம சொல்லணும். சொன்னா திங்கக்கிழமை கல்யாணம். விட்டுட்டீங்கன்னா லெந்து.”

“விதிப்படி இது செல்லும்” என்றார் தபிதா டீச்சர். அப்படி ஒரு விதி இல்லை. அன்றைக்கு அவரே சேர்த்துக்கொண்டார்.

அந்த ஒரு வாரம் கிளாட்வின் பட்ட பாடு! இயர்பட்ஸ் டப்பாவை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டான். கை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை காதுக்குப் போய்ப் போய் வந்தது. அப்பா தும்மினார், பொறுத்தான். சந்திரம்மா திட்டினார், முழுதாகக் கேட்டான். அதில் தன்னைப் பற்றி ஒன்றிரண்டு நியாயமான கருத்துக்கள் இருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான், தொண்ணூறோ நூறோ வந்து விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு.

வரவில்லை. அறிவிப்பு நேரத்துக்குச் சரியாக மின்சாரம் போயிற்று. ஒலிபெருக்கி ஊமையானது. போதாக்குறைக்கு ஆயருக்கு அன்று ஜலதோஷம். குரல் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தாண்டவில்லை. வெளியே காணிப்பாக்கம் ஆட்டோக்கள் வரிசையாகப் பாடிக்கொண்டு போயின. பாதிக் கோயிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பவன்குமார் ஒயரைப் பிடித்துக்கொண்டு கிளாட்வினைப் பரிதாபமாகப் பார்த்தான். யூனிஸ் அம்மா கண்ணை மூடி ஜெபித்தார். உதடு அசைவதைத் தவிர ஆயரிடத்தில் எதுவும் தெரியவில்லை.

ஆனால் கேளுங்கள், இரண்டு வருடமாகக் காப்பாற்றிய காது அது. சுத்தம் செய்து, அளந்து, அறுபதைத் தாண்டாமல் வளர்த்த காது. கிளாட்வின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி, அந்த இரண்டு காதையும் ஆயர் பக்கம் திருப்பினான். தடை உண்டா என்று கேட்ட இடைவெளியில் சபை மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது. தபிதா டீச்சர் விதிப்புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தார். அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

ஆராதனை முடிந்ததும் மதில் ஓரமாக நின்று போன் போட்டான். சுற்றிலும் இருபது பேர்.

“சித்தூர் சபையைச் சேர்ந்த சுந்தர்சிங் அவர்களின் குமாரன் கிளாட்வின் என்பவருக்கும்” என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல், அவள் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் உடைய, “இது மூன்றாம் முறை” என்பதுவரை ஒப்பித்தான்.

“இதை யாரு வேணும்னாலும் மனப்பாடம் பண்ணலாம். மூணு வாரமும் அதேதானே வாசிக்கறாங்க” என்றாள் லீனா.

“இரு, இன்னும் முடியல. ஒரு வார்த்தை விடக்கூடாதுன்ன இல்ல? அப்புறம் தாளை மடிச்சிக்கினே, வாய்க்குள்ள, ‘கர்த்தாவே, அந்தப் பெண்ணுக்குப் பொறுமையைத் தாரும்’னாரு.”

சுற்றி நின்ற இருபது பேரில் ஒருவருக்கும் அது கேட்டிருக்கவில்லை. எல்லோரும் ஆயரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆயருக்கு ஜலதோஷம் அதிகமாகி, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். போனில் லீனா சிரித்த சிரிப்பு சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது. எண்பதுக்குக் குறையாது. கிளாட்வின் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. பிரியாணி நன்றாக இருந்ததாகக் கேள்வி. மறுநாள் மறுவீட்டுக்குப் புதுத் தம்பதி திருப்பதி பஸ் ஏறினார்கள். சித்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே கிளாட்வின் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காலியான இரண்டு காதையும் பெருமையோடு காட்டினான். கேட்கவும் பேசவும் சேர்ந்து கற்றுக்கொண்டவன் அல்லவா? பேச ஆரம்பித்தான். உள்காதின் அமைப்பைப் பற்றிப் பேசினான். நுண்செல்கள் கொட்டுவதைப் பற்றிப் பேசினான். ரப்பர் முனையில் மூன்று அளவு இருப்பதன் தத்துவத்தைப் பாகாலா ஊர் வரும்வரை பேசினான். சாவியால் காது குடைந்த தன் பழைய நாட்களை நினைத்துக் கண்கலங்கினான். பஸ்ஸில் டிரைவர் போட்ட பாட்டு எண்பத்து மூன்று, அதற்கு மேல் இவன் தொண்ணூறு. எல்கேஜிப் பிள்ளைகள் நாற்பத்தாறு பேரை லீனா பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை.

பாகாலா தாண்டியதும் அவள் மெதுவாக அவனுடைய சட்டைப் பைக்குள் கைவிட்டாள். மாமியார் யூனிஸ் காலையில் திருப்பிக் கொடுத்திருந்த அந்தச் சின்ன டப்பாவை எடுத்தாள். ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினாள். ரப்பரைத் துடைத்தாள். வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு காதிலும் செருகிக்கொண்டு, புருஷன் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். கிளாட்வின் நெகிழ்ந்துபோனான். காதைப் பற்றிப் பேசினால் இப்படித் தோளில் சாய்ந்து கேட்கிற மனைவி யாருக்குக் கிடைப்பாள்? அவன் பேச்சு திருப்பதிவரை நிற்கவில்லை. அறுபது நிமிஷம் தாண்டியது. அவள் கழற்றவில்லை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நம்மிடம் அந்தப் பைத்தியம் இல்லையே என்றுதானே? ரொம்பச் சரி. உங்களிடம் அளக்கிற செயலி கிடையாது, மூன்று அளவு ரப்பரும் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் வீட்டில் யாரோ உங்களை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் முறை உங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டும் ‘ம்’ என்றீர்கள். இப்போது அவர்கள் கூப்பிடுவது மூன்றாம் முறை.